பாலத்துக்கு மார்க் போடுவது யார்?

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு எழுதுகிறோம். பிரானூர் பார்டர் புரோட்டாவுக்குப் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. பாலத்துக்கு மட்டும் யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. மந்திரி ரிப்பன் வெட்டுவார். மறுநாள் பேப்பரில் படம் வரும். 'இத்தனை கோடி செலவில்' என்று ஒரு வரி இருக்கும். அதோடு சரி. அந்தப் பாலம் மறுபடி செய்தியில் வர வேண்டுமென்றால் விரிசல் விட வேண்டும்.

வனவிலங்குகள் ரோட்டைக் கடக்கக் கட்டுகிற பாலம் என்றால் இன்னும் மோசம். பார்த்தவுடன் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒரு கட்சி, 'ஆஹா, என்ன கருணை!' என்று படத்தை நாலு பேருக்கு அனுப்பும். இன்னொரு கட்சி, 'மனுஷன் ரோட்டைத் தாண்டவே இங்க வழி இல்ல. இதுல மானுக்குப் பாலமாம்!' என்று பொருமும். இரண்டாவது கட்சியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஒரு நடைமேம்பாலம் கேட்டு மனு கொடுத்துக் களைத்துப் போனவர்கள் அவர்கள். ஆனால், இரண்டு கட்சியுமே ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. அந்தப் பாலத்தை எந்த மிருகமாவது உபயோகித்ததா? எது, எத்தனை தடவை?

கேட்டுப் பார்ப்போம். தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு இது வெளியூர் சமாசாரம் இல்லை.

*

இலஞ்சி வயல்காட்டில் நின்று மேற்கே பார்த்தால், மலை ஒரே சுவராகத் தெரியும். அந்தச் சுவரில் ஒரு வாசல் உண்டு. செங்கோட்டைக் கணவாய். ஆனி, ஆடியில் காற்றும் சாரலும் அந்த வாசல் வழியாகத்தான் இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் வருகின்றன. ரயிலும் லாரியும் அதே வாசல் வழியாகத்தான் கொல்லத்துக்குப் போகின்றன.

வாசலுக்கு வடக்கே பெரியாறு காடு. அதை ஒட்டி, 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். வாசலுக்குத் தெற்கே களக்காடு–முண்டந்துறை. 1988-ல் வந்த, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். கேரளத்துப் பக்கம் செந்துருணி சரணாலயம். 2022-ல் அகத்தியமலை யானைகள் காப்பகம், 1,197 சதுர கிலோமீட்டர். நம் மலையடிவாரத்தில் 2015-ல் வந்த நெல்லை வனவிலங்கு சரணாலயம். ஆக, இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு பட்டா கொடுத்தாயிற்று. வீடுகளுக்கு நடுவில் இருக்கிற முடுக்கைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

அந்த முடுக்கில் என்ன இருக்கிறது? 744-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை. பழைய ஆட்களுக்கு 208 என்றால்தான் புரியும். திருமங்கலம், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று கொல்லம் வரை போகிற ரோடு. எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டாரஸ் லாரிகள், பாவூர்சத்திரத்துக் காய்கறி வண்டிகள், சாரல் சீஸனில் குற்றாலத்துக்கு வருகிற கார்கள், கார்த்திகை மார்கழியில் சபரிமலைக்குப் போகிற பஸ்கள். பக்கத்திலேயே ரயில் பாதை. 1904-ல் மீட்டர் கேஜாக வந்தது, 2018-ல் பிராட் கேஜாகத் திறந்தது.

ரோடும் ரயிலும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2024 பிப்ரவரியில் புளியரை எஸ் வளைவில், பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. நடுராத்திரி. பக்கத்தில் குடியிருந்த வயதான தம்பதி டார்ச் லைட்டை ஆட்டிக்கொண்டே ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். மனுஷனுக்கு டார்ச் லைட் இருந்தது. யானைக்கும் மிளாவுக்கும் அதுவும் கிடையாது.

வடகரை, மேக்கரைப் பக்கம் தென்னையும் வாழையும் வைத்திருக்கிறவர்களிடம் பேசினால் இந்த விஷயம் வேறு மாதிரி கேட்கும். "ஆன வருது, ஆன வருதுன்னு எல்லாரும் சத்தம் போடுதாவ அண்ணாச்சி. அது போவ வேண்டிய பாதைய அடைச்சது யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்காவ." முடுக்கை அடைத்தால் வழிப்போக்கர் பக்கத்து வீட்டுத் திண்ணையில்தான் ஏறுவார். யானையும் அதைத்தான் செய்கிறது.

*

ஒரு ரோடு மிருகத்தை மோதித்தான் கொல்ல வேண்டும் என்பதில்லை. மோதாமலும் கொல்லும். எப்படி என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலீஸ் அருகே 101-ஆம் நம்பர் ஃப்ரீவே. பத்து லேன். ஒரு நாளைக்கு மூன்று லட்சம் வண்டிகள். அதற்குத் தெற்கே சாண்டா மோனிகா மலையில் பூமா என்கிற மலைச்சிங்கங்கள் இருக்கின்றன. ரோட்டைத் தாண்டி வெளியே போக முடியாது, வெளியிலிருந்து புது ரத்தம் உள்ளே வர முடியாது. சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து, 2020-ல் வால் நுனி கொக்கி மாதிரி வளைந்த பூமாக்களை அங்கே பார்த்தார்கள். உறவுக்குள்ளேயே இனம் பெருகுவதன் அடையாளம் அது. பி-22 என்று பெயர் வைத்த ஓர் ஆண் பூமா, இரண்டு ஃப்ரீவேக்களைத் தாண்டி நகரத்து நடுவில் இருக்கிற கிரிஃபித் பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே பத்து வருஷம் தனியாக வாழ்ந்தது. ஜோடியே கிடைக்கவில்லை. 2022 டிசம்பரில், வண்டி மோதிய காயங்களும் நோயும் சேர்ந்து, அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டி வந்தது.

அந்த 101-க்கு மேலேதான் அதே 2022-ல் ஒரு பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். மண் கொட்டி, அந்த மலையின் செடிகளையே நட்டு, மேலே நிற்கிற மிருகத்துக்குக் கீழே ரோடு இருப்பதே தெரியாதபடி ஒரு காட்டுத் துண்டு. மதிப்பீடு 92 மில்லியன் டாலர். அப்புறம் அது 114 மில்லியன் ஆனது. நம் கணக்கில் ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபாய். ஒரே ஒரு பாலம்!

கேட்டால் தலை சுற்றுகிறது. 'பார்த்தீங்களா, இதெல்லாம் பணக்கார நாட்டு வேலை' என்று இரண்டாவது கட்சி சொல்லும். ஆனால், இந்த ஆயிரம் கோடியில் பெரும்பகுதி பூமாவுக்கான செலவு என்று எனக்குத் தோன்றவில்லை. தாமதத்துக்கான அபராதம் அது. ரோடு போட்ட தலைமுறை 'பிறகு பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டது. ரோடு பத்து லேனாக வளர்ந்து, ராத்திரி பகல் வண்டி ஓடுகிற இடத்தில், போக்குவரத்தை நிறுத்தாமல் மேலே ஒரு மலையைக் கட்டினால் அவ்வளவு ஆகத்தான் செய்யும்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் கென்யா. மவுண்ட் கென்யா அடிவாரத்தில் நன்யூகி–மேரு ரோட்டுக்கு அடியில் யானைக்கு ஒரு வழி. செலவு இரண்டரை லட்சம் டாலர். அன்றைய ரூபாயில் ஒரு கோடியைக் கொஞ்சம் தாண்டும். இரண்டு பக்கமும் வேலி போட்ட 14 கிலோமீட்டர் நடைபாதையின் நடுவில் அது இருக்கிறது. 2011 தொடக்கத்தில் டோனி என்கிற கொம்பன் முதலில் அதற்குள் போனான். அவன் பின்னாலேயே மற்றவை வந்தன.

ஆயிரம் கோடியும் ஒரு கோடியும். வித்தியாசத்துக்குக் காரணம் பூமாவும் யானையும் இல்லை. அந்த இடத்தில் ரோடு எவ்வளவு அகலம், எத்தனை வண்டி, எப்போது யோசித்தார்கள் என்பதுதான்.

*

டிசைனுக்கு வருவோம். இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல்.

ரோட்டுக்கு அடியில் போகிற வழியை இங்கே கீழ்வழி என்று வைத்துக்கொள்வோம். அதன் அகலத்தை உயரத்தால் பெருக்க வேண்டும். வருகிற தொகையை அதன் நீளத்தால் வகுக்க வேண்டும். கிடைக்கிற எண்தான் அந்த வழி எவ்வளவு திறந்து கிடக்கிறது என்பதற்கான அளவு. எண் பெரிதாக இருந்தால், இந்த முனையில் நிற்கிற மிருகத்துக்கு அந்த முனையில் வெளிச்சமும் மரமும் தெரியும். சின்னதாக இருந்தால் அது ஒரு இருட்டுப் பொந்து. மான் நுழையாது.

ஒரு கணக்குப் போடுங்கள். அகலம் 5 மீட்டர், உயரம் 3 மீட்டர் உள்ள கீழ்வழி. மேலே ரோடு 10 மீட்டர் அகலம் என்றால் கிடைக்கிற எண் ஒன்றரை. அதே ரோட்டை நான்கு வழியாக்கி 30 மீட்டர் ஆக்கினால், அதே கீழ்வழி 30 மீட்டர் நீளமான குகையாகிவிடும். எண் அரையாக இறங்கிவிடும். பழைய அளவுக்குத் திறப்பு வேண்டுமென்றால் வாயை மூன்று மடங்கு பெரிதாக்க வேண்டும். அதாவது, ரோட்டை அகலமாக்கும்போது பாலத்தின் செலவு நாம் நினைப்பதைவிட வேகமாக ஏறும். டெண்டர் விடுகிற இடத்தில் இந்தக் கணக்கை யாராவது போடுகிறார்களா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது விஷயம் வேலி. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்கா வழியாக டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை போகிறது. அங்கே 6 மேம்பாலங்கள், 38 கீழ்வழிகள். கூடவே 2.4 மீட்டர் உயர வேலி. 1996-லிருந்து கணக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். மிருகங்கள் வண்டியில் அடிபடுவது 80 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. மானினங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 96 சதவிகிதம். இதில் பாலத்துக்குக் கிடைக்கிற கைதட்டலில் பாதி வேலிக்குப் போக வேண்டும். வேலி இல்லாத பாலம் என்பது கதவு மட்டும் வைத்து, சுவர் வைக்காத வீடு.

மூன்றாவது விஷயம் ருசி. பான்ஃப் கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது. பழுப்புக் கரடி, ஓநாய், மான் ஆகியவை அகலமான, திறந்த மேம்பாலத்தை விரும்புகின்றன. கறுப்புக் கரடியும் மலைச்சிங்கமும் குறுகலான, மறைவான கீழ்வழியை விரும்புகின்றன. பழுப்புக் கரடிகள் பழகுவதற்கே சில வருஷங்கள் ஆயின. ஆகவே ஒரே டிசைனை எல்லோருக்கும் போட முடியாது. திறந்த ஆறாம் மாசத்திலேயே 'ஒண்ணும் வரல, காசு வேஸ்ட்' என்று எழுதிவிடவும் கூடாது.

*

சரி, நம் நாட்டு வேலைகளுக்கு மார்க் போடுவோம்.

முதலில் வால்பாறை. புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் ஒரு துண்டுக் காடு. அதில் சிங்கவால் குரங்குகள். குற்றாலக் குறவஞ்சி படித்தவர்களுக்குத் தெரியும், குறத்தி மலைவளம் சொல்ல ஆரம்பிக்கும்போதே குரங்குகள் வந்துவிடும். மரத்துக்கு மரம் கொம்பு பிடித்துப் போகிற ஜாதி. மரம் தொடர்பு விட்டுப்போனால் தரைக்கு இறங்கும். இறங்கினால் ரோடு. வனத்துறையும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனும் சேர்ந்து என்ன செய்தார்கள் தெரியுமா? தீயணைப்பு வண்டியில் தண்ணீர் அடிக்கிற கான்வாஸ் குழாயை எடுத்து, ரோட்டுக்கு இந்தப் பக்க மரத்திலிருந்து அந்தப் பக்க மரத்துக்குக் கட்டினார்கள். மழையில் மக்காது, பிடித்து நடக்க வாகு. குரங்குகள் அதில் போகின்றன. ரிப்பன் வெட்ட அதில் இடமில்லை. நான் பார்த்ததில் அதிக மார்க் வாங்குகிற டிசைன் அதுதான்.

அதே யோசனையை அஸ்ஸாமில் ஹூலோங்காபார் காட்டில் முயன்றார்கள். கிப்பன் என்கிற வாலில்லாக் குரங்குகளுக்காக, காட்டை இரண்டாகப் பிளக்கிற ரயில் பாதைக்கு மேலே இரும்பில் ஒரு பாலம். கிப்பன்கள் சீந்தவில்லை. கொப்பில் ஊஞ்சலாடிப் பழகிய கைக்கு இரும்புச் சட்டம் மரமாகத் தெரியவில்லை. பிறகு கயிற்றுப் பாலத்துக்கு வந்தார்கள். இரும்பு உறுதியானதுதான், என்ஜினீயருக்கு.

உத்தராகண்டில் ராம்நகர் வனக்கோட்டத்தில், காலாதுங்கி–நைனிடால் ரோட்டில், 2020-ல் மூங்கிலும் சணலும் புல்லும் வைத்து ஒரு பாலம் கட்டினார்கள். 90 அடி நீளம். பாம்பு, பல்லி, உடும்பு கடப்பதற்கு. பத்து நாளில், இரண்டு லட்சம் ரூபாயில் முடித்தார்கள். படம் நாடு முழுக்கச் சுற்றியது. எனக்கும் முதலில் பிடித்தது. கொஞ்சம் யோசித்தால் சந்தேகம் வருகிறது. தரையோடு தரையாக ஊர்கிற ஜீவனை நாற்பது அடி உயரத்துக்கு ஏறச் சொல்வானேன்? அதற்கு ரோட்டுக்கு அடியில் ஒரு குழாய் போதாதா? குழாய்க்கு யாரும் படம் எடுக்க மாட்டார்கள் என்பது உண்மை. அக்கறைக்கு முழு மார்க். டிசைனுக்குப் பாதி.

அடுத்து மதுக்கரை. 2021 நவம்பர் 26 ராத்திரி, கோவை நவக்கரை அருகே மங்களூர்–சென்னை எக்ஸ்பிரஸ் மோதி மூன்று யானைகள் செத்தன. எல்லாப் பேப்பரிலும் வந்தது. அதற்குப் பின்னால் இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று, தண்டவாளத்துக்கு அடியில் யானை போக இரண்டு கீழ்வழிகள். 60 அடி அகலம், 20 அடி உயரம், சுமார் ஏழரைக் கோடி. இன்னொன்று, 2024-ல் தொடங்கிய செயற்கை அறிவு கேமரா. 12 கோபுரங்கள். யானை தண்டவாளத்தை நெருங்கினால் கண்ட்ரோல் ரூமில் மணி அடிக்கும், ரயில் டிரைவருக்குத் தகவல் போகும். சுமார் ஏழே கால் கோடி. விலை ஏறத்தாழ ஒன்று. குணம் வேறு. கோபுரத்துக்குக் கரன்ட் வேண்டும், கண் விழித்திருக்க ஆள் வேண்டும், வேகத்தைக் குறைக்கிற டிரைவர் வேண்டும். கீழ்வழிக்கு எதுவும் வேண்டாம். மூவரில் ஒருவர் தூங்கினாலும் யானை பிழைக்கும். கோபுரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீளமான பாதையில் எங்கே கீழ்வழி வேண்டும் என்று கண்டுபிடித்துக் கொடுப்பதே அந்தக் கேமராவின் உருப்படியான வேலை என்கிறேன்.

கடைசியாக பெஞ்ச். மத்தியப்பிரதேசத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் நடுவில், 44-ஆம் நம்பர் நெடுஞ்சாலை. நம் கன்னியாகுமரியிலிருந்து கிளம்புகிற அதே ரோடுதான். நான்கு வழியாக்கும்போது கோர்ட்டுக்குப் போய்ச் சண்டை போட்டு வாங்கிய கீழ்வழிகள் அங்கே இருக்கின்றன. மகாராஷ்டிரத்துப் பக்கத்தில் மட்டும் 9. அதில் மிக நீளமானது 750 மீட்டர். ரோடு மேலே தூணில் போகிறது, காடு கீழே அப்படியே தொடர்கிறது. 2019 மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை இந்திய வனவிலங்கு நிறுவனம் கேமரா வைத்துப் பார்த்தது. 18 வகைக் காட்டு மிருகங்கள், 5,450 படங்கள். புலி மட்டும் 89 தடவை. வரியை வைத்து அடையாளம் பார்த்தால் 11 தனித்தனிப் புலிகள். செலவு பெரியதுதான். ஆனால் இதற்குக் கணக்கு இருக்கிறது. மேலே லாரி ஓடுகிறது, கீழே புலி நடக்கிறது, இரண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஒரு பாலத்துக்கு இதைவிட நல்ல விமர்சனம் எழுத முடியாது.

*

'இவ்வளவு எதுக்கு? ராத்திரி ரோட்டைப் பூட்டிட்டாப் போச்சு' என்று சொல்கிறவர்கள் உண்டு. அதுவும் நடந்திருக்கிறது. பந்திப்பூர் வழியாக 2009-லிருந்து ராத்திரி 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை. சத்தியமங்கலம் திம்பம் மலைப்பாதையில், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 2022 பிப்ரவரியில் ராத்திரித் தடை வந்தது. மிருகங்களுக்கு இதைவிட நல்ல டிசைன் இல்லை. ஒரு செங்கல்கூட வேண்டாம்.

செலவே இல்லையா? தாளவாடிக்காரர்களிடம் கேட்க வேண்டும். திம்பம் தடை வந்தபோது அவர்கள்தான் தெருவுக்கு வந்தார்கள். காய்கறி அழுகும். பிரசவ வலிக்கு நேரம் காலம் கிடையாது. செக்போஸ்ட்டில் ராத்திரி முழுக்க நிற்கிற லாரி டிரைவருக்கு யாரும் படி கொடுக்க மாட்டார்கள். தடையிலும் செலவு இருக்கிறது. அரசாங்கத்தின் பையிலிருந்து போகாமல் வேறு யாரோ ஒருவரின் பையிலிருந்து போகிறது, அவ்வளவுதான்.

இந்த விவகாரத்தில் நான் சொல்ல வருவதும் இதுதான். காட்டு வழியாக ரோடு போட்டால் கடக்கிற செலவு என்று ஒன்று நிச்சயமாக உண்டு. அதிலிருந்து தப்ப முடியாது. எஸ்டிமேட்டில் ஒரு வரியாக எழுதி, ரோட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம். எழுதாமல் விட்டால், வடகரைக்காரர் வாழையாகக் கொடுப்பார். தாளவாடிக்காரர் தக்காளியாகக் கொடுப்பார். டிரைவர் தூக்கத்தைக் கொடுப்பார். யானை உயிரைக் கொடுக்கும். 'பாலத்துக்கு இவ்வளவு செலவா?' என்று கேட்கிறவர்கள், பாலம் இல்லாததற்கு யார் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

*

செங்கோட்டைக் கணவாய்க்குத் திரும்பலாம். அங்கே ஏற்கெனவே ஒரு நல்ல மேல்வழி இருக்கிறது. 1904-லிருந்து இருக்கிறது. யாரும் மிருகத்துக்காகக் கட்டியதில்லை. பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் மலையைக் குடைந்து ரயில் விட்டார்களே, அந்தக் குகைதான். ரயில் உள்ளே போகிறது, மலை மேலே அறுபடாமல் இருக்கிறது. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலமும் அப்படித்தான். மண்ணைக் கொட்டி மேடு கட்டியிருந்தால் அது ஒரு சுவராகியிருக்கும். கல் வளைவுகளில் கட்டியதால் அடியில் பதின்மூன்று வாசல். வெள்ளைக்காரன் யானையை நினைத்து இதைச் செய்யவில்லை. மலையை அறுப்பதும் மேடு கட்டுவதும் அங்கே கட்டுபடியாகவில்லை, அவ்வளவுதான். ஆனால் மலையோடு ஒத்துப்போகிற டிசைன் மிருகத்தோடும் ஒத்துப்போகும் என்பதற்கு நூறு வருஷ சாட்சி நம் பக்கத்திலேயே நிற்கிறது. எல்லோரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறோம்.

இந்த ரோட்டை நான்கு வழியாக்குகிற பேச்சு பல வருஷமாக நடக்கிறது. இந்தப் பகுதிக்கு நல்ல ரோடு வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. தென்காசி தனி மாவட்டமாகி, 2019-லிருந்து தனி கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. ஒரு அவசர கேஸை மலை தாண்டிக் கொண்டுபோகிறவர்களுக்கு ரோட்டின் அருமை தெரியும். ரோடு வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கோடு போடுவதற்கு முன்னால் சில வேலைகளை முடித்துவிடுங்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

முதல் வேலை, புளியரையிலிருந்து தென்மலை வரை ஒரு வருஷம் கேமரா வைத்து, எது எங்கே கடக்கிறது என்று பார்ப்பது. சாரல் மாசமும் கோடை மாசமும் அதில் அடங்க வேண்டும். தவளையும் தேரையும் ஈரத்தில்தான் கிளம்பும். குற்றாலத்துக்குக் கார்கள் கிளம்புவதும் அப்போதுதான்.

இரண்டாவது, ரோட்டுக்கு அடியில் ஓடைக்காக எப்படியும் கட்டப்போகிற சின்னப் பாலங்கள். என்ஜினீயர்கள் கல்வர்ட் என்பார்கள். மழைக்காலத்தில் முழுக்கத் தண்ணீர் ஓடுவதால் மிருகம் உள்ளே போகாது. உள்ளே ஓரமாகத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு திண்ணை வைத்துக் கட்டினால் போதும். மரநாயும் முள்ளம்பன்றியும் கீரியும் உடும்பும் திண்ணை வழியாகப் போய்விடும். வெளிநாட்டில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். கட்டும்போதே வைத்தால் கொஞ்சம் கான்கிரீட். பிறகு வைக்க வேண்டுமென்றால் தனி டெண்டர்.

மூன்றாவது, ரோட்டுக்கு மேலே கிளைகள் கோத்து நிற்கிற மரங்கள். அவை இப்போதே பாலங்கள்தான், இலவசப் பாலங்கள். ரோட்டை அகலமாக்கும்போது முதலில் விழுவது அவைதான். எந்த இடத்தில் விட முடியுமோ அங்கே விட வேண்டும். முடியாத இடத்தில் வால்பாறைக் குழாயைக் கட்ட வேண்டும். வண்டியை நிறுத்திக் குரங்குக்கு மிக்சர் கொடுக்கிற புண்ணியவான்கள் அதை நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது. பாலம் மேலே இருக்கும்போது பந்தியைக் கீழே போட்டால் குரங்கு எங்கே போகும்?

நான்காவதுதான் பெரிய செலவு. யானை கடக்கிற இடம் என்று கேமரா காட்டுகிற இடத்தில் ரோடு தூணில் ஏறியோ, குகையில் இறங்கியோ போக வேண்டும். அந்தத் தொகை ரோட்டின் எஸ்டிமேட்டுக்கு உள்ளேயே இருக்க வேண்டும். டேராடூனுக்குப் போகிற டெல்லி எக்ஸ்பிரஸ்வேயில், ராஜாஜி காட்டை ஒட்டி 12 கிலோமீட்டருக்கு ரோட்டைத் தூக்கித் தூணில் வைத்திருக்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஒன்றிரண்டு இடத்தில் முடியாதா? முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் சொல்லட்டும்.

எல்லாம் கட்டி முடித்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். பாலத்தின் வாயில் அகலமாக மணலைப் பரப்பி வைத்து, காலையில் போய்ப் பார்க்க வேண்டும். யானையா, மிளாவா, வெறும் தெருநாயா? அந்தக் கணக்கை வருஷத்துக்கு ஒரு தடவை பேப்பரில் போட வேண்டும், ரிப்பன் வெட்டிய படம் போட்ட அதே பக்கத்தில், அதே அளவில். மார்க் போட வேண்டியவர்கள் ராத்திரியில் வந்து போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அழிந்து போவதற்குள் போய்ப் படிக்க நமக்கு ஆள் வேண்டும்.